சாய்தளத்தின் சாவி மாடியில்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் தையல் மெஷினும் என் சக்கர நாற்காலியும் இங்கே சௌக்கியம். மூவரில் எண்ணெய் கேட்டு முனகுவது மெஷின் மட்டும்தான். நீயும் உன் மனைவியும் உன் கடைவாய்ப் பல்லும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்கலாமே என்பாய். போனில் நான் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் நீ "சரிக்கா, வெச்சிடட்டுமா?" என்று நுழைந்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் நம் ஊர்ப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நேரில் போய் அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு சின்னக் காரியம். அந்தக் கட்டடம்தான் உனக்குத் தெரியுமே. கீழே வாட்ச்மேனும் அவருடைய முக்காலியும், பூட்டிக் கிடக்கும் சில அறைகளும். அரசாங்கம் முழுக்க மாடியில். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேல போகணுமேம்மா."

"எப்படிப் போறது?"

"படியிலதான்." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாலு பேரைக் கூப்பிடறேன். நாற்காலியோட அலாக்காத் தூக்கிடுவாங்க. போன வாரம் ஒரு பீரோவை ஏத்தினாங்க. ஒரு கீறல் விழலையே!"

நல்ல மனுஷன். ஆனால் பீரோவுக்கு வெட்கம் கிடையாது, எனக்கு உண்டு. "அப்ப உங்க சாரைக் கீழ வரச் சொல்லுங்க" என்றேன். போய்க் கேட்டுவிட்டு வந்தார். சார் கீழே வருவது சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மட்டும்தானாம். நம்புகிறேன். அந்தச் சாரின் பேண்ட் எல்லாம் இடுப்பைப் பிரித்துவிட என்னிடம்தான் வருகின்றன. ஏறி இறங்குகிற உடம்பில்லை அது. ஊரில் யார் வயிறு எப்போது பெருத்தது என்பது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே சொல்வதில்லை. உன்னைத் தவிர.

நீ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை அமல்படுத்துகிற அலுவலகத்தில் ஆய்வாளர் என்று இத்தனை நாளும் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது எனக்குப் பிரயோஜனப்படு. என்ன செய்ய வேண்டும்?

பல்லைப் பிடுங்கிவிடு. தள்ளிப்போட்டால் பக்கத்துப் பல்லையும் கெடுக்கும்.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

பார்வை: தங்களின் நான்காம் தேதியிட்ட கடிதம்.

மன்னித்துக்கொள், கை பழகிவிட்டது. நாங்கள் நலம். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பக்கத்துப் பல் இப்போது தனியாக வலிக்கிறது.

நீ செய்ய வேண்டியது: நடந்ததை அப்படியே ஒரு புகாராக எழுதி எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பு. பீரோவை விட்டுவிடாதே, அது முக்கியம். நாங்கள் அவர்களிடம் விளக்கம் கேட்போம். விளக்கம் சரியில்லை என்றால் ஆள் போய் நேரில் பார்ப்போம். அதன் பிறகு உத்தரவு, உத்தரவுக்குக் கெடு, கெடு தாண்டினால் தண்டம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மழைக்காலமே வந்து போய்விடும்.

இன்னொன்று. சொந்தக்காரர் புகாரை நான் தொடக்கூடாது. யாரிடம் இருக்கிறது, என்ன ஆயிற்று என்று கேட்கவும் கூடாது. மேலதிகாரியிடம் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கோப்பு என் எதிர் மேசை அம்மாவிடம் போகும். அவருக்குக் கண் தெரியாது. எங்கள் அலுவலகத்திலேயே அவரை ஏமாற்றத்தான் யாராலும் முடிந்ததில்லை.

அது போகட்டும். பதிவு அலுவலகத்தில் உனக்கு என்ன வேலை? வீடு சம்பந்தமாக ஏதாவதா? அப்பா அம்மா நமக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். எதுவாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

உன் பக்கத்துப் பல்லுக்கு என் அனுதாபங்கள். நான் சொன்னபோது நீ கேட்கவில்லை, அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

புகார் அனுப்பினேன். பதிவு அலுவலகம் பதிலும் எழுதிவிட்டது. எனக்கு ஒரு நகல் வந்தது. பக்கத்துக் கடை கண்ணாடிக்காரரை உனக்குத் தெரியும், அளந்து அளந்து பேசுவாரே, அவர்தான். அவர் அதை வாங்கித் தூரக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கிட்டக் கண்ணாடி போட்டு ஒரு தடவை படித்தார். "ரெண்டுலயும் ஒரே மாதிரிதாங்க தெரியுது" என்றார்.

என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? இந்த அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலியில் இதுவரை ஒருவரும் வந்ததில்லை, ஆகவே வசதி எதுவும் தேவைப்படவில்லை. எப்படி இருக்கிறது நியாயம்? கிணற்றில் வாளி இல்லை. வாளி இல்லாததால் யாரும் தண்ணீர் எடுக்க வருவதில்லை. யாரும் வராததால் வாளி தேவையில்லை. ஊரே தாகமில்லாமல் சுகமாக இருக்கிறது!

உன் எதிர் மேசை அம்மா இதைச் சும்மா விடமாட்டார் என்று நினைக்கிறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், உனக்குத் தெரியக்கூடாது.

கடையில் வேலை நிறைய. சர்வேயர் மனைவி தனக்கு ஒரு கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டு, "என் நாத்தனாருக்குத் தைக்கறதை விட நல்லா இருக்கணும்" என்றார். அடுத்த நாள் நாத்தனார் வந்து அதையே சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்துவிடலாம் என்றிருக்கிறேன். கண்ணாடிக்காரர், "நான் அன்னிக்குக் கடையைப் பூட்டிட்டு வெளியூர் போயிடறேன்" என்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று பேரும் படித்துச் சிரித்தோம். மூன்றாவது ஆள் உன் தம்பி மனைவியின் தங்கை. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள்.

நான் போன வாரம் ஒரு வங்கியைப் பார்க்கப் போனேன். சக்கர நாற்காலிக்காரர்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டியிருக்கிறோம் என்று பெருமையாக அழைத்துப் போனார்கள். கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பங்கள், ஓடாத மின்விசிறி, பழைய மேனேஜரின் படம். "யாரும் கேட்கறதில்ல சார், அதான் வீணாக வேண்டாம்னு..." என்றார்கள். படத்திலிருந்த பழைய மேனேஜர்தான் அங்கே நிம்மதியாக இருந்தார். எல்லாவற்றையும் என் கண் முன்னால் வெளியே எடுக்கவைத்தேன். அடுத்த வாரம் சொல்லாமல் மறுபடி போவேன். எங்கள் வேலையில் பாதி இந்த இரண்டாவது தடவைதான்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பதிவு அலுவலகத்தில் என்ன வேலை? உடம்பு சரியில்லையா? உயில் கியில் என்று ஏதாவது யோசித்துக்கொண்டிருக்கிறாயா? நேற்று நினைத்து நினைத்துச் சாப்பாடே இறங்கவில்லை.

தம்பி

அண்ணி, நான்தான். இவருக்குச் சாப்பாடு இறங்காதது பல்வலியால. நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு எழுத்தைப் பார்த்தாலே தெரியுது. கண்ணாடிக்காரரைக் கேட்டதாச் சொல்லுங்க.

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உயில் எழுதுகிற அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது? ஊசி டப்பாவை உனக்கு எழுதிவைக்கிறேன், கவலைப்படாமல் சாப்பிடு.

இப்போது ஒரு சந்தோஷ சமாச்சாரம். சாய்தளம் கட்டிவிட்டார்கள்! உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டாவது கடுதாசி போனதும் கொத்தனார் வந்தார், சிமென்ட் வந்தது. முந்தாநாள் வாட்ச்மேன் என் கடை வாசலுக்கே வந்து கூப்பிட்டார்.

"வந்து பாருங்கம்மா. மாவு மாதிரி வழவழன்னு வெச்சிருக்காங்க."

கண்ணாடிக்காரரும் கடையை அடைத்துவிட்டுக் கூட வந்தார். கட்டடத்தின் பக்கவாட்டில் நீளமாக, சாய்வு கணக்காக, இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி. குறை சொல்லலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. யாரும் தள்ளாமல் நானே உருட்டிக்கொண்டு ஏறினேன். மேலே ஒரு கதவு. கதவில் ஒரு பூட்டு.

"சாவி?" என்றேன்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "மாடியில இருக்கும்மா. சார் சீட்டுக்குப் பின்னாடி, ஆணியில."

கண்ணாடிக்காரர் மாடிக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"சாவியை மத்தவங்க கையில குடுக்கறதில்லையாம். சாய்தளம் யாருக்கு வேணுமோ அவங்களே நேர்ல மேல வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணுமாம்."

வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். அப்புறம் நான். அப்புறம் கண்ணாடிக்காரர். அவர் சிரிக்கும்போது சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தெருவே நின்று பார்த்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருக்கும் அறையாம். அங்கிருந்து மாடிக்கு? "படியிலதான்."

இதையும் புகாரில் சேர்த்து அனுப்பிவிட்டேன். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். கண்ணாடிக்காரரும் அவளை விசாரித்தார்.

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சாவிக் கதையை இங்கே ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். எதிர் மேசை அம்மா உன் புகாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டேன். விதி.

இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். அவரிடம் கோப்புகள் மலை போல் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு ஆய்வுக்கு வர வருஷக் கடைசி ஆகிவிடலாம். உன் காரியம் அவசரமென்றால், எனக்கு என்னவென்றே சொல்லாத அந்தக் காரியம், ஒரே ஒரு தடவை அந்த நாலு பேரைத் தூக்கச் சொல்லிப் போய்விட்டு வந்துவிடேன். புகார் பாட்டுக்குப் புகார் இருக்கட்டும். ஒரு தடவைதானே அக்கா?

வீடு விஷயமாக இருந்தால் என் கையெழுத்தும் வேண்டும் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

தம்பி

*

மே 14

தம்பிக்கு,

நலம்.

நீ எழுதிய அதே வார்த்தையை, அதே வாரத்தில் இங்கேயும் ஒருவர் சொன்னார். "ஒரே ஒரு தடவைதானே, யாரு பார்க்கப் போறாங்க?" அவரும் நல்லவர். நீயும் நல்லவன். வாட்ச்மேனும் நல்லவர். என்னைச் சுற்றி நல்லவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

தூக்குகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். சின்ன வயதிலிருந்து என்னை எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஓரமாகத்தான் வைப்பார்கள். இந்த ஒரு அறைக்குள் நான் போகவேண்டியது ஒரு வார்த்தை சொல்வதற்கு. மூச்சு வாங்குகிற நாலு பேருக்கு நடுவில், தலை கலைந்து, அதைச் சொல்ல மாட்டேன். அதற்குச் சொல்லாமலே இருந்துவிடலாம்.

கண்ணாடிக் கடை இரண்டு நாளாக மூடியிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் உன் தம்பி மனைவி எட்டிப் பார்த்து, "இதையா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன்.

நான் எழுதியது தப்பு. தினமும் வெயிலில் போய் அடுத்தவன் கட்டடத்தில் இது இல்லை, அது இல்லை என்று எழுதிவிட்டு வருகிறேன். ஒரு கடைக்காரர் "தூக்கிவிடுவோம் சார்" என்றால் அவரிடம் அரை மணி நேரம் உபதேசம் செய்வேன். அதே வாயால் உன்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். வீட்டு ஆள் என்றால் சட்டம் மறந்துபோய்விடுகிறது.

எதிர் மேசை அம்மா நாளை பயணம் கிளம்புகிறார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பையில் குடை இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

அண்ணி, இவர் உங்க லெட்டர் எல்லாத்தையும் அடுக்கி வெச்சு வீடு, உயில், வியாதின்னு துப்பறிஞ்சிட்டிருக்காரு. "அந்தக் கண்ணாடிக்காரர் எதுக்கு எல்லா லெட்டர்லயும் வர்றாரு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பக்கத்துக் கடை, அதனால வர்றாரு"ங்கிறாரு. இவரா ஆய்வாளர்! நான் ஒண்ணும் சொல்லல. கடை தொறந்தாச்சா?

*

ஜூலை 11

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

சுகம். சுகம். மழை பெய்து தெருவெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. உன் மனைவி கேட்டதற்கு முதலில் பதில்: கடை திறந்தாயிற்று. மூன்றாம் நாள் வந்தார், என் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். "எவ்வளவு நாளானாலும் சரிங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அவருக்கு அது ஒரு மேடைப் பேச்சு.

உன் எதிர் மேசை அம்மா வந்தார்! உனக்குத் தெரியக்கூடாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு படி.

முதலில் கைக்கோலால் தட்டித் தட்டிச் சாய்தளத்தில் மேலும் கீழும் நடந்தார். கம்பியைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றார். பதிவு அலுவலர் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார், நான் இடுப்பைப் பிரித்துவிட்ட பேண்டில். பாராட்டைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சார், ஒரு உதவி. இந்த அம்மா நாற்காலியைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கி நீங்க உக்காருங்க. இங்கேருந்து உங்க சீட்டுக்குப் போய்ச் சேருங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் வாட்ச்மேனின் முக்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். என் வண்டியில் வேறொருவர் போவதை முதல் தடவையாகப் பார்த்தேன். நமக்கு இவ்வளவு மோசமாக ஓட்டத் தெரியாதே என்று கொஞ்சம் பெருமையாக இருந்தது. வலது பக்கக் கம்பியில் ஒரு இடி, இடது பக்கம் ஒரு இடி. ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தார். தையல் தாங்கியது, கடவுள் புண்ணியம்.

"மேடம், கதவு பூட்டியிருக்கு."

"சாவி எங்க?"

"மாடியில."

"எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் எழுந்திருக்கப் போனார். நாற்காலி கிறீச்சிட்டது அம்மா காதில் விழுந்துவிட்டது. அம்மா கைக்கோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எழுந்திரிக்கக் கூடாது சார். உக்காந்தபடியே எடுத்துட்டு வாங்க."

அலுவலர் கதவைப் பார்த்தார். மாடி ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். பிரித்த பேண்டை வாங்கக் கடைக்கு வந்தாலும் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துத்தான் பேசுவார், "இவங்களுக்கு எவ்வளவு வேணுமாம்?" என்று.

ஆனாலும் தோற்க மனசில்லை. "இவங்க ஒருத்தருக்காக ஆபீசையே கீழ கொண்டுவரணுமா மேடம்? மேல நல்லாக் காத்து வருது" என்றார்.

அப்போது கண்ணாடிக்காரர் ஒரு வாக்கியம் சொன்னார். ஒன்றே ஒன்றுதான். என்னவென்று இங்கே எழுதவில்லை, தாள் தீர்ந்துகொண்டு வருகிறது. உன் எதிர் மேசை அம்மா அவர் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "அப்படியா சங்கதி!" என்றார். வாட்ச்மேன் என் முதுகில் தட்டிவிட்டுப் பிறகு பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார். நான் முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். இந்த வயசில் இதெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

சர்வேயர் மனைவியும் நாத்தனாரும் ஒரே துணியில் கோட்டு போட்டுக்கொண்டு கடைத்தெருவில் எதிரும் புதிருமாகச் சந்தித்துக்கொண்டார்கள். அதைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம்.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பக்கத்துப் பல்லும் போயிற்று. மென்று தின்னச் சிரமம், நிம்மதிக்குக் குறைவில்லை.

எதிர் மேசை அம்மா ஊரிலிருந்து வந்ததிலிருந்து என் குரல் கேட்டாலே சிரிக்கிறார். "என்ன மேடம்?" என்றால், "விதி சார். உங்ககிட்ட சொல்லக் கூடாது" என்கிறார். டீ குடிக்கும்போதும் சிரிக்கிறார். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

உத்தரவு போய்விட்டது. இனி அது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம், ஆகவே நானும் எழுதலாம். கீழ் அறைகளைக் காலி செய்து, அலுவலர் சீட்டும் கவுன்ட்டரும் அங்கே வரவேண்டும். சாய்தளக் கதவுக்குப் பூட்டே இருக்கக்கூடாது. உங்கள் அலுவலர் அவகாசம் கேட்டு எழுதினார். காற்று, வெளிச்சம், பழைய காகிதங்களின் பாரம் என்று மூன்று பக்கம். கெடு தாண்டினால் தண்டம் அலுவலகக் கணக்கில் இல்லை, அவர் சம்பளத்தில் என்று பதில் போயிற்று. மறுநாளே மேசைகள் இறங்க ஆரம்பித்துவிட்டனவாம். சட்டம் நொண்டி நொண்டித்தான் வரும் என்று நாங்களே கேலி பேசுவோம். சம்பளம் என்றதும் அதற்கு இறக்கை முளைத்துவிடுகிறது.

பதிவு அலுவலகத்தில் உனக்கு என்ன வேலை என்று இனிமேல் கேட்கமாட்டேன். வீட்டைப் பற்றியும் கேட்கமாட்டேன். நேற்றுச் சாப்பிடும்போது திடீரென்று கையைக் கழுவிவிட்டு எழுந்து, உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். உன் தம்பி மனைவி, "அப்பாடா!" என்று மட்டும் சொன்னாள்.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேதி போடவில்லை. எதற்கு லீவு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'நல்ல காரியம்' என்று எழுதினேன். மேலதிகாரி, "இங்க இப்படி எழுதறது இல்லையே" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தம்பி

அண்ணி, எனக்கும் ஒரு கோட்டு. சர்வேயர் பொண்டாட்டி துணி வேண்டாம்.

*

செப்டம்பர் 8

என் அன்புத் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

எங்கள் இருவரின் விசாரிப்புகள். ஆமாம், இருவரின். கண்ணாடிக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "என்ன எழுதணும்?" என்று கேட்டேன். "நலம்னு எழுதுங்க" என்றார். அவ்வளவுதான் அவர். ஆய்வின்போது சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் இப்போது எழுதிவிடுகிறேன். "ஒருத்தருக்காக இல்லீங்க சார், ரெண்டு பேருக்காக. இவங்க உள்ள வராம எனக்குக் கல்யாணம் ஆகாது."

நேற்றுக் கல்யாண அறிவிப்பில் கையெழுத்துப் போட்டோம். இனிக் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம். உனக்கு இருந்தால் தாராளமாக வா, வழி நன்றாகவே இருக்கிறது. கல்யாணத் தேதி பின்னால் எழுதுகிறேன். இப்போது நேற்று நடந்ததைக் கேள்.

காலையில் போனோம். கதவு திறந்திருந்தது. பூட்டு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும். உள்ளே ஒரே சுண்ணாம்பு வாசனை. நல்ல கூட்டம். வீட்டுப் பத்திரத்துக்கு வந்தவர்கள், பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, கால் கட்டோடு ஒரு பெரியவர். அவரும் சாய்தளத்தில்தான் வந்தார். "இது எப்பலேருந்து இருக்கு?" என்று என்னைக் கேட்டார். "என்னமோ, புதுசாம்" என்றேன்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "அம்மா, நீங்க ஏன் நிக்கிறீங்க, முன்னாடி வாங்க, வழி விடுங்கய்யா!"

"நான் நிக்கலையே, உக்காந்துதானே இருக்கேன். வரிசை எங்க முடியுது?"

கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டோம். வரிசை நகரவே இல்லை. கால் மணி, அரை மணி. எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி, யாரென்றும் பார்க்காமல், "இந்த ஆபீஸே இப்படித்தாங்க. எப்ப வந்தாலும் லேட்டு" என்றார். "ரொம்ப மோசம்ங்க" என்றேன் நான். "ஃபேன் கூடச் சரியா ஓடல." "மேல இருந்தப்பவாவது காத்து வந்துச்சு." "அப்படியா? எனக்குத் தெரியாதுங்க!" இரண்டு பேரும் சேர்ந்து அந்த அலுவலகத்தைத் திட்டித் தீர்த்தோம். என்ன சுகம்! எவ்வளவு வருஷமாக மற்றவர்களெல்லாம் இந்த இன்பத்தைத் தனியாக அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

எங்கள் முறை வந்தது. அலுவலர் நிமிர்ந்தார். பழக்கதோஷம், கண்ணாடிக்காரரைப் பார்த்து, "இவங்க பேரு..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். பேர் கேட்டார், சொன்னேன். தொழில் கேட்டார். கேட்டபோதே அவர் கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று. "தையல்" என்றேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கேட்டார். "இந்தக் கல்யாணத்துக்கு உங்களுக்குச் சம்மதமா? உங்க வாயால சொல்லணும்."

இத்தனை மாதமாக நான் எதற்காக மல்லுக்கட்டினேனோ அந்த இடம், தம்பி. என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. வார்த்தை வரவில்லை. கண்ணாடிக்காரர் என்னைப் பார்க்கிறார், அலுவலர் பார்க்கிறார், வாட்ச்மேன் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னாலிருந்து இடுப்பில் குழந்தையோடு நின்றவள் ஒரு அதட்டல் போட்டாள்.

"அம்மா, சட்டுனு சொல்லுங்க! எங்களுக்கெல்லாம் வேலை இல்லையா?"

என் ஆயுளில் ஒரு அலுவலகத்தில் என்னை யாரும் அவசரப்படுத்தியதில்லை. பாவம் என்று விட்டுவிடுவார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

"சம்மதம்" என்றேன். நன்றாகவே கேட்டிருக்கும், வரிசையின் கோடி வரைக்கும்.

கையெழுத்துப் போட்டேன். நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு வழிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா